ஒரு கை ஏலக்காய் நேரம்

இலவசம் என்று எதைச் சொன்னாலும் போடிநாயக்கனூரில் முதலில் சந்தேகம்தான் வரும். எழுபதுகளின் நடுவில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஞாயிறு சொற்பொழிவு மன்றம் என்று ஒன்றைத் தொடங்கினோம். வரலாறு, அரசியல், பொருளாதாரம், பண்பாடு பற்றி வெளியூர் அறிஞர்கள் பேசுவார்கள், அனுமதி இலவசம் என்று ஊரெல்லாம் நோட்டீசு ஒட்டினோம். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் கடைசிவரை எழுந்து போகவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. பேச்சு முடிந்ததும் லேகிய டப்பாவை வெளியே எடுப்பார்கள், என்ன விலை சொல்கிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்திருக்கிறார்கள். டப்பா வரவில்லை என்றதும் ஏமாந்துபோய், எங்களைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

நான் சோலைமலை. ஏலக்காய்க் கடைகள் இருந்த வீதியில் அச்சகம் வைத்திருந்தேன். மன்றத்துக்குச் செயலாளரும் நான்தான், நோட்டீசு ஒட்டப் பசை காய்ச்சுகிறவனும் நான்தான். கோபக்காரன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தக் கோபத்தால் நடந்த ஒரே நல்ல காரியம், ஆயம்மாள் மன்றத்தின் தலைவரானது. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஆயம்மாள் பிறந்தது போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில். நடக்கத் தெரிந்த நாள் முதல் ஏலச்செடிகளுக்கு அடியிலேயே வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. மலையில் பாதிப் பேர் மலையாளம் கலந்து பேசுவார்கள், அதில் போதும் என்பதற்கு ‘மதி’ என்று சொல்லும் பழக்கம் இவர் வாயில் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. வீரணனைக் கட்டிக்கொண்டு போடிக்கு இறங்கி வந்தார். வீரணன் திங்கட்கிழமை காலையில் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். ஆயம்மாள் என் அச்சகத்துக்கு நேர் எதிரே இருந்த காசிராஜனின் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலையில் சேர்ந்தார்.

காய் பொறுக்குவதை வேடிக்கை பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியும். சரக்கு வைக்கும் கிட்டங்கியில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு சுளகு. நல்ல பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்ததும் சொத்தையும் இன்னொரு பக்கம் என்று விரல்கள் பறக்கும். எதிரே நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருப்பார். ஏதாவது ஒரு கை கொஞ்சம் தளர்ந்தால் போதும், “வெரசா, வெரசா!” என்பார். எதிரே அச்சகத்தில் இருந்த எனக்கே தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்கும்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் இன்னொரு சடங்கு உண்டு. பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்று, சேலை மடியைப் பிரித்து உதறிக் காட்டிவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். கணக்குப்பிள்ளை கன்னையன் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒரு காய் கீழே விழுந்தாலும் மறுநாள் வேலை கிடையாது. ஆயம்மாளின் மடியிலிருந்து தூசி தவிர எதுவும் விழுந்ததில்லை. இருந்தாலும் தினமும் உதறினார். எதிரே உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்த எனக்கு எரிச்சலாக இருக்கும். அவருக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

இனி நாற்காலிக் கதைக்கு வருகிறேன்.

நம் ஊரில் ஒரு கூட்டம் போட வேண்டுமென்றால் பேச்சாளர் கிடைப்பது சுலபம். தலைமை யார் என்பதில்தான் மண்டை உடையும். மன்றத்துக்கு இரண்டு பெரிய மனிதர்கள் புரவலர்கள். ஒருவர் இந்தக் காசிராஜன். இன்னொருவர் தேவாரம் பக்கம் நிலபுலம் உள்ள மொக்கச்சாமி. நோட்டீசில் யார் பெயர் மேலே வருவது என்று முதல் தகராறு. இரண்டையும் ஒரே வரியில் போட்டேன். யார் இடது, யார் வலது என்று அடுத்த தகராறு. வட்டமாக அச்சடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். மூன்றாவது கூட்டத்தில் இரண்டு பேருடைய ஆட்களும் பேச்சாளரை வைத்துக்கொண்டே கைகலப்புக்குப் போய்விட்டார்கள்.

கூட்டங்கள் நடந்தது ஒரு பழைய பருத்திக் கிட்டங்கியில். அன்று கடைசி வரிசையில், தரையில், ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சத்தம் பெரிதானதும் அவர் எழுந்து நின்றார்.

“சண்டை போடுறவங்க வெளிய போய்ப் போடுங்கப்பு. அந்தய்யா ஏரி வெட்டுன கதையைப் பாதியில நிறுத்திட்டு நிக்கிறாரு. எனக்கு மிச்சத்தைக் கேக்கணும்.”

கோபமே இல்லாத குரல். பசிக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். கை ஓங்கியவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். அது ஆயம்மாள்.

மறுநாள் காலையில் இருந்த ஆத்திரத்தில், அடுத்த கூட்டத்து நோட்டீசில் ‘தலைமை: ஆயம்மாள்’ என்று பெரிய எழுத்தில் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டேன். காசிராஜனும் மொக்கச்சாமியும் அச்சகத்துக்கே வந்து என்னைக் கிழிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். இருவருமே வரவில்லை. மற்றவன் பெயர் இல்லை என்பதே இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

ஆயம்மாளிடம்தான் சிரமப்பட்டேன். “தலைமைன்னா என்னண்ணே செய்யணும்?” என்றார்.

“மேடையில் நாற்காலியில் உட்கார வேண்டும். நீட்டி முழக்குகிறவர்களை உட்கார வைக்க வேண்டும். அவ்வளவுதான்.”

“ஆத்தாடி! மொதலாளி பெஞ்சுல இருக்க, நான் நாற்காலியிலயா? ஆகாதுண்ணே, ஆகாது.” இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அங்கன உக்காந்தா நல்லாக் கேக்குமாண்ணே? கடைசி வரிசையில பாதி விளங்க மாட்டேங்குது.”

கேட்கும் என்றேன். சம்மதித்துவிட்டார். அவர் தலைவரானதற்கு வேறு காரணமே இல்லை.

முதல் நாள் நாற்காலி நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தார், மேசையில் வைத்தார், முந்தானையைச் சுருட்டினார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, “கை சும்மா இருந்தா எனக்குக் காது அடைச்சுக்கிடுது. பொறுக்க ஏதாச்சும் கொண்டாங்கண்ணே” என்றார். நான் பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய், தரம் பிரிக்காத ஏலக்காய் கொஞ்சம் வாங்கி வந்து ஒரு தட்டில் கொட்டினேன். ரசீதும் வாங்கிக்கொண்டேன். காய் பொறுக்கும் பெண்ணின் கையில் காய் எப்படி வந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வது?

அதற்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்ட விதத்தை நான் என்னவென்று சொல்வேன்! பார்வை பேச்சாளரின் முகத்தில், விரல்கள் தம் பாட்டுக்குத் தட்டில். அன்று பேச்சு முடிந்து ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கேள்வி கேட்க எழுந்தார். அவர் கேள்வி கேட்பது என்றால் தன் சர்வீசு முழுவதையும் சொல்லி முடிப்பது. கூட்டம் நெளிய ஆரம்பித்தது. ஆயம்மாள் தன் முன்னால் இருந்த ஒரு கை காயைப் பொறுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மதிங்கய்யா. ஒரு கை முடிஞ்சுபோச்சு. அடுத்த ஆளுக்கு வழி விடுங்க.”

கூட்டம் சிரித்தது, தாசில்தாரும் சிரித்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுவே மன்றத்தின் சட்டமாகிவிட்டது. கேள்வி கேட்பவருக்கு ஒரு கை காய். பேச்சாளருக்குத் தட்டு நிறைய. குவியல் குறைவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். முடிந்ததும் என் அச்சகத்து மேசை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். மாவட்டத்தில் எத்தனையோ மேடைகள் பார்த்திருக்கிறேன், இவ்வளவு நியாயமான கடிகாரத்தை எங்கும் பார்த்ததில்லை.

நியாயம் என்று சொல்வதில் ஒரு சின்னக் கள்ளத்தனம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு கூலிக்காரர், வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் எழுந்து நின்று, வாய் வராமல் திக்கிக்கொண்டிருப்பார். ஆயம்மாளின் கை ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்க்கும். ஒரு கை காய் தீரவே தீராது. வாய்ச்சவடால் பேர்வழி எழுந்தால் போதும், விரல்கள் பறக்கும், அவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்த ரகசியம் எனக்குத் தெரிந்த அன்று நான் தனியாக அச்சகத்தில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் கை கூப்பத் தோன்றியது.

ஒரே ஒரு தடவைதான் அந்தக் கை நின்றது. மதுரைக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த வரலாற்றுப் பேராசிரியர், நம் மலைகளின் மிளகும் வாசனைச் சரக்கும் கடல் தாண்டி ரோமாபுரிக்குப் போன கதையைச் சொன்னார். பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல்கள் வந்தன, பொன்னைக் கொட்டிச் சரக்கை வாங்கிப் போனார்கள், அந்தக் காசுகள் இன்றும் நம் மண்ணில் கிடைக்கின்றன என்றார். ஆயம்மாள் வாயைத் திறந்தபடி இருந்தார். விரலிடுக்கில் பிடித்த காய் பிடித்தபடி இருந்தது. குவியல் குறையவில்லை, அதனால் பேராசிரியரும் நிறுத்தவில்லை, அவருக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. விளக்கேற்றும் நேரம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. முடிவில் ஆயம்மாள் மணியடிக்க மறந்துபோய், “நம்ம மலைக்குள்ளயா இம்புட்டும்!” என்றார். அதுதான் அன்றைய தலைமையுரை. 

இப்படியே வருடங்கள் ஓடின. அவசரநிலைக் காலத்தில் அரசியலை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சோழர்களிடம் போய்ப் பதுங்கிக்கொண்டோம். பிறகு திரும்ப வந்தோம். அந்தத் தட்டுக் காயை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அச்சகத்தில் வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பிரித்த காயை மறுபடி கலந்துவிடுவோம். வருடக்கணக்கில் புரண்ட காய் வெளுத்து, வாசம் போய், வெறும் தோலாகிவிட்டது. காசு போட்டுப் புதிதாக வாங்க மன்றத்துக்கு வசதி இல்லை.

காசிராஜன் தவறாமல் வருவார். முன்வரிசை பெஞ்சில் உட்காருவார். வாரம் முழுவதும் தரையில் உட்கார்ந்து தனக்கு வேலை செய்கிறவர் மேடையில் நாற்காலியில் இருப்பதை, விலை நன்றாக இருந்தவரை அவர் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். “நம்ம கடை ஆளுதான்” என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ளவும் செய்வார்.

எண்பத்தைந்து வாக்கில் ஏலக்காய் விலை விழுந்தது. விழுந்தது என்றால் சும்மா இல்லை, மெட்டிலிருந்து ஜீப்பு உருண்டதுபோல் விழுந்தது. ஏன் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. குவாதமாலா, குவாதமாலா என்று காயை ஏலம் விடும் ஏல மையத்தில் ஒரு பெயர் அடிபட்டது. அது ஆளா, ஊரா, வியாதியா என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. கடைகளில் பொறுக்கும் பெண்களைப் பாதியாகக் குறைத்தார்கள். காசிராஜனும் குறைத்தார். மீதி இருந்தவர்களில் ஆயம்மாள் ஒருவர். மலையிலும் வேலை இல்லாமல் வீரணன் வீட்டில் இருந்தார். அடுப்பு எரிந்ததே ஆயம்மாளுடைய கூலியில்தான்.

இந்த நேரம் பார்த்து மொக்கச்சாமி, ஏல மையத்து வாசலில் அத்தனை வியாபாரிகள் முன்னால் காசிராஜனைச் சீண்டினார். “என்ன மாப்ளே, வாரம் பூராம் உன் காலடியில உக்கார்றவ, ஞாயித்துக்கிழமை உன் தலைக்கு மேல உக்கார்றாளாமே? அதான் யாவாரம் கீழ போகுது!”

சிரித்தார்கள். காசிராஜன் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், மடியை உதறிவிட்டு இறங்கப்போன ஆயம்மாளை நிறுத்தினார். அச்சகத்தில் இருந்த எனக்கே கேட்கும்படி சொன்னார்.

“நாளைக்கு அந்த நாற்காலியில உன்னைப் பாத்தேன்னா, திங்கக்கிழமை இந்த வாசப்படி ஏறாத. கடையா, மேடையான்னு நீயே முடிவு பண்ணிக்க.”

ஆயம்மாள் தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். எனக்குப் பதறியது. மறுநாள் பேச இருந்தவர் திருப்பதி என்ற பொருளாதாரப் பேராசிரியர். தலைப்பே ‘ஏலக்காய் விலை ஏன் விழுந்தது?’ என்பதுதான். ஊரே வரப்போகிறது. “நாளைக்கு ஒரு நாள் நீ வராதே தங்கச்சி. வேறு யாரையாவது உட்கார வைத்துச் சமாளிக்கிறேன். சோத்துக்கு வழி முக்கியம்” என்றேன்.

“வேற யாரைண்ணே உக்கார வைப்பீங்க? ரெண்டு பெரிய மனுசரும் பேருக்கு அடிச்சுக்கிட்டுக் கூட்டத்தையே கலைச்சுப்புடுவாக.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எம்புட்டுப் பேரோட சோலி போயிருச்சு. நாளைக்கி என் சோலியும் போகப்போகுது. எதனால போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டாவது போகட்டும்ணே.”

நான் பிஸ்கட் டப்பாவை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் நிற்க இடமில்லை. வியாபாரிகள், தோட்டக்காரர்கள், ஜீப்பு டிரைவர்கள், வேலை போன பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். காசிராஜன் முன்வரிசையில் இருந்தார். ஆயம்மாள் வந்தார், அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், நாற்காலியில் உட்கார்ந்து தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். காசிராஜன் முகம் கல்லாகிவிட்டது.

திருப்பதி ஒரு உலகப் படத்தைச் சுவரில் மாட்டினார். பூமி உருண்டையின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவில் ஒரு சின்ன நாடு, அதுதான் குவாதமாலா. நம் மேற்கு மலையைப் போலவே மழையும் பனியும் நிழலும் உள்ள மலைகள். நம் பக்கத்துச் செடி எப்போதோ அங்கே போய் வேர் பிடித்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் அதைச் சாப்பாட்டில் சேர்ப்பதுகூட அரிது. அவ்வளவும் அரபு நாட்டுக் காப்பிக்குப் போகிறது. நாம் விற்ற சந்தையில் அவர்கள் நம்மைவிட அதிகமாக, நம்மைவிட மலிவாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அங்கேயும் ஏழைச் சனங்கள்தான் மலையேறிக் காய் பறிக்கிறார்கள் என்றார்.

 தங்கள் அடுப்பை அணைத்த கை எங்கேயிருந்து வந்தது என்று அத்தனை பேரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலை போன பெண்களின் வரிசையிலிருந்து யாரோ, “அவளுகளும் நம்மளை மாதிரித்தானா?” என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. நான் எத்தனையோ பேச்சுக்கு நோட்டீசு அடித்திருக்கிறேன். பேச்சு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கேள்வி நேரம் வந்ததும் காசிராஜன் எழுந்தார். ஆயம்மாள் ஒரு கை காயை அள்ளித் தன் முன்னால் வைத்தார். கிட்டங்கி முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. நேற்று என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும்.

“எங்க தாத்தா காலத்துல கழுதை மேல காய் இறங்குச்சு” என்று ஆரம்பித்தார் காசிராஜன். தன் குடும்பத்தின் கெத்து, தன் கடைக் காயின் தரம், வடக்கே எந்தெந்த ஊரில் தன் மார்க்குக்கு மரியாதை என்று அடுக்கினார். ஆயம்மாளின் கை கடையில் ஓடும் அதே வேகத்தில் ஓடியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலாளி கூலி கொடுத்து வாங்கும் வேகம். அதில் அவரே குறை சொல்ல முடியாது.

பிறகு அவர் குரல் மாறியது. “முந்தாநாள் ஏலத்துல என் காயைக் கேக்க ஒரு ஆள் இல்ல. மாதிரித் தட்டை வாங்கிப் பாத்தாங்க, மோந்து பாத்தாங்க, கீழ வச்சுட்டாங்க. இம்புட்டு வருசத்துல என் தட்டை ஒருத்தரும் கீழ வச்சதில்ல. வீட்டுல போயிச் சொல்ல முடியல. சோறு எறங்கல...”

குரல் உடைந்தது. நான் தட்டைப் பார்த்தேன். ஆயம்மாளின் கை தளர்ந்திருந்தது. ஒவ்வொரு காயாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல்முறையாக எழுந்து நிற்கும் தோட்டக் கூலிக்குக் கொடுக்கும் அதே நேரம். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்று முதலாளிக்கு வளைந்து கொடுக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது.

அந்த நேரம் காசிராஜனின் கண்ணும் தட்டில் விழுந்தது. பாதி வாக்கியத்தில் அவர் நின்றார். ஆயுசு முழுவதும் ஊறிப்போன பழக்கம் அவரை முந்திக்கொண்டது.

“ஏ ஆயம்மா! என்ன தூங்குறியா? வெரசா பொறுக்கு, வெரசா!”

கிட்டங்கி ஒரு கணம் திகைத்தது. அப்புறம் சிரிப்பு வெடித்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், மொக்கச்சாமி பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆயம்மாள் சிரிக்கவில்லை. “சரிங்க மொதலாளி” என்றார். விரல்கள் பறந்தன. மிச்சக் காய் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்தது. மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

“மதிங்க. உக்காருங்க மொதலாளி.”

காசிராஜன் நின்றுகொண்டே இருந்தார். முகம் சிவந்து, தட்டையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஆயம்மாள் மணியை மறுபடியும் அடித்தார், இந்தத் தடவை கூட்டத்துக்கு.

“சிரிச்சது போதும். மொதலாளி பேச்சுக்குள்ள ஒரு கேள்வி இருக்கு. இனி நாம என்ன செய்யுறதுன்னு கேக்குறாரு. அது அவரு கேள்வி மட்டும் இல்ல, இங்கன இருக்குற எல்லாரோட கேள்வியுந்தான். பேராசிரியரய்யா பதில் சொல்லணும்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. திருப்பதி எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியவில்லை அம்மா. தெரிந்தவரை சொல்லிவிட்டேன். இதற்கு மேல் எனக்குத் தெரியாது” என்றார். ஒரு மேடையில் ஒரு படித்த மனிதர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. காசிராஜன் தலையை ஆட்டினார். அவருக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்தபின் காய்களை டப்பாவில் போட்டுக்கொண்டே நான் ஆயம்மாளிடம் சொன்னேன். “கெட்டிக்காரிதான் நீ. கையைத் தளர்த்தி, அவர் வாயாலேயே அவரை மாட்ட வைத்துவிட்டாயே!”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அத்தனை வருடத்தில் என் மேல் கோபப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

“என்னண்ணே பேசுறீங்க? அந்த மனுசன் அழப்போனாரு. இத்தன சனத்துக்கு முன்னால பாதி அழுகையில மணியடிச்சு உக்கார வைக்கவா? அழுது முடிக்கட்டும்னுதான் கையை அடக்குனேன். அதுக்குள்ள அவரே கெடுத்துக்கிட்டாரு.”

நாளைக்குத் தன் வயிற்றில் அடிக்கப்போகிறவர் அழுது முடிக்க நேரம் கொடுத்தவரிடம் நான் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பிஸ்கட் டப்பாவை மூடினேன். அவர் முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் அச்சகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஆயம்மாள் வழக்கமான நேரத்துக்கு வந்தார். கடை வாசலில் நின்றார். உள்ளே நாற்காலியில் காசிராஜன். அவர் ஏறு என்றும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை, பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஆயம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் இடத்தில் சுளகோடு உட்கார்ந்தார். அன்று முழுவதும் எதிர்க்கடையிலிருந்து “வெரசா” என்ற சத்தமே வரவில்லை. எனக்கே என்னவோபோல் இருந்தது.

காசிராஜன் அன்றோடு திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வருடம் அவர் கூலியில் ஒரு பைசா கூட்டவில்லை. நிறுத்திய பெண்களைத் திரும்ப எடுக்கவும் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லே அவர் அகராதியில் கிடையாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சாயங்காலம் பெண்கள் வரிசையாக வாசலுக்கு வந்து மடியை உதறத் தொடங்கினார்கள். ஆயம்மாள் முறை வந்தபோது காசிராஜன் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

“நேத்து மேடையில என்ன காயை வச்சுப் பொறுக்குற?” என்று சிடுசிடுத்தார். “வெளுத்துப்போய், வாசமும் இல்லாம, வெறுந்தோலா. ஊரே பாக்குது. காசிராசன் கடை ஆளு கையில அந்தக் காயா? இந்தா, இதை வச்சுப் பொறுக்கு. நல்ல பச்சையும் கிடக்கு, வெடிச்சதும் கிடக்கு. பொறுக்க ஏத்தபடி கலந்துதான் போட்டிருக்கேன்.”

பொட்டலத்தை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு நாற்காலியில் யார் என்பதற்கு அதற்கு மேல் பதில் வேண்டியிருக்கவில்லை. தெருவின் இந்தப் பக்கம்வரை புதுக் காயின் வாசம் வந்தது. கன்னையன் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கி நின்றார். அந்த வாசலில் இத்தனை வருடத்தில் ஒரு பெண்ணும் ஏலக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததில்லை. ஆயம்மாள் பொட்டலத்தை எல்லோரும் பார்க்க ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் திரும்பினார். இறங்காமல் நின்றார். பழக்கம் விடவில்லை. இன்னொரு கையால் மடியைப் பிரித்து, கன்னையன் முன்னால் உதறிக் காட்டினார்.